மின்சாரம் போன நான்கு நிமிடங்கள்

அன்புள்ள சார்,

நான் மார்த்தாண்டத்தைச் சேர்ந்தவன், கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிறேன். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது, கல்லூரி மாணவனாகக் கூட்டத்தில் நின்றிருந்தேன். அன்றிலிருந்து இண்டி, அதாவது சுயாதீன இசை நிகழ்ச்சிகளை விடுவதில்லை. செல்பேசியில் இருநூறுக்கு மேற்பட்ட காணொளிகள் சேர்ந்திருக்கின்றன. சென்ற மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்கு நாற்பது பேர்தான் வந்தார்கள், வருத்தமாக இருந்தது. இரவோடு இரவாக பைக்கில் ஊர் திரும்பினேன். நிகழ்ச்சியின் நடுவில் நான்கு நிமிடம் மின்சாரம் வேறு போய்விட்டது. டிரம்மர் மட்டும் நிறுத்தாமல் வாசித்தார், ஆனால் இருட்டில் என் பதிவு வீணாகிவிட்டது. எனக்குப் பிடித்த பத்துப் படங்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். முதலிடம், ‘டாக்கிங் ஹெட்ஸ்’ ராக் குழுவின் மேடை நிகழ்ச்சியைப் படமாக்கிய ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’. ஒரு நிகழ்ச்சி என்றால் அப்படி இருக்க வேண்டும். இந்த அனுபவங்களை எழுத ஆசை. எப்படித் தொடங்குவது? இதெல்லாம் நகரத்துப் பையன்களின் இசை என்று நண்பர்கள் கேலி செய்கிறார்களே, அது உண்மையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் பரணிலிருந்து ஒரு பழைய ஒலிநாடாவை எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் இவ்வளவு விரைவாகப் பதில் எழுதியிருக்கமாட்டேன்.

நண்பர்களின் கேலியை விட்டுவிடுங்கள். பாலராமபுரமும் நெய்யாற்றின்கரையும் களியக்காவிளையும் கடந்து நள்ளிரவில் பைக்கில் வீடு வந்து சேர்கிறவனை நகரத்துப் பையன் என்பவர்களிடம் வாதிட எதுவுமில்லை. பட்டியல் நல்ல பட்டியல். பட்டியல்களைப் பற்றி நான் எப்போதுமே அதற்குமேல் சொல்வதில்லை. கீழ்ப்பாக்கத்தில் நின்றீர்கள் என்பதில் மட்டும் எனக்குச் சிறு பொறாமை உண்டு. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் ஒன்றுக்கொன்று வழிவிட்ட அந்த மாலையை நான் யூடியூபில்தான் பார்த்தேன்.

என்னைக் கோபப்படுத்தியது ஒரே ஒரு வாக்கியம். நாற்பது பேர் இருந்த அறையில் விளக்கும் ஒலிபெருக்கியும் அணைகின்றன. கிதாரும் கீபோர்டும் ஊமையாகின்றன. மின்சாரம் வேண்டாத கருவியை வைத்திருந்த ஒருவர் மட்டும் இருட்டில் வாசித்துக்கொண்டே இருக்கிறார். அவர் தாளத்தை மாற்றினாரா, அல்லது அதையே பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருந்தாரா? பாடகர் மைக் இல்லாமல் பாடிப் பார்த்தாரா? நீங்கள் நாற்பது பேரும் கைதட்டித் தாளத்தில் சேர்ந்தீர்களா? மின்சாரம் வந்தபோது மற்றவர்கள் பாட்டின் எந்த இடத்தில் வந்து இணைந்தார்கள்? இதில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. பதிவு வீணாகிவிட்டது என்ற புலம்பல் மட்டும் இருக்கிறது. அந்த நான்கு நிமிடமும் நீங்கள் செல்பேசியின் திரையைத் தடவிக்கொண்டிருந்தீர்கள் என்றுதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் முதலிடம் கொடுத்திருக்கும் படத்தையே எடுத்துக்கொள்வோம். இயக்குநர் ஜோனதன் டெமி அதை 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் படமாக்கினார். குழுவின் பாடகர் டேவிட் பர்ன் தனியாக வந்து ஒரு டேப் ரெக்கார்டரைத் தரையில் வைத்துவிட்டுப் பாடத் தொடங்குவதும், பாட்டுக்கு ஒருவராக மற்றவர்கள் வந்து சேர்வதும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து வருவதாக நாம் நம்பும் தாளம் வேறொரு தாளக்கருவியிலிருந்து வந்தது. படமோ பல இரவுகளின் நிகழ்ச்சிகளிலிருந்து வெட்டித் தொகுக்கப்பட்டது. கடைசிப் பகுதி வரும்வரை கேமரா பார்வையாளர்களின் பக்கம் அநேகமாகத் திரும்புவதே இல்லை. படமாக அது உயர்ந்த படம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் பார்த்த அந்த நிகழ்ச்சி, அப்படியே எந்த ஓர் இரவிலும் நடக்கவில்லை. அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு நாற்பது பேர் அமர்ந்த அரங்குக்குள் போனால் குறைகள்தான் கண்ணில் படும்.

நம் ஊர்க் கோயில் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். இல்லையென்றால் அதற்காக வெட்கப்படுங்கள். தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் வில்லை அடித்துக் கதை சொல்ல, அவர் பாடும் அடியை வாங்கிப் பாடவும், சொல்லும் கதைக்கு ‘ஆமா’ போடவும் பக்கத்திலேயே ஆட்கள் இருப்பார்கள். குடம் அடிப்பதைப் போலவே கேட்பதும் அங்கே ஒரு வேலை. ஆனால் அண்ணாவியின் கண் எப்போதும் சாமி வந்து ஆடும் கோமரத்தாடியின் மேல்தான் இருக்கும். சாமியை அழைக்கும் வரத்துப்பாட்டு பாடியும் சாமி வரவில்லை என்றால், உடுக்கையை முடுக்கச் சொல்லி அதே அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடுவார். முன்னதாகவே வந்துவிட்டால் பாட்டைச் சுருக்கிக்கொள்வார். எதிரில் நிற்கும் ஒருவரின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தே பாட்டின் நீளம் முடிவாகிறது. தலைகளை எண்ணி வருந்தினீர்களே, பின்னிரவில் பல கோயில்களில் வில்லின் முன்னால் விழித்திருப்பவர்கள் உங்கள் நாற்பதில் பாதிகூடத் தேறமாட்டார்கள். அதற்காக எந்த அண்ணாவியும் குரலைக் குறைத்து நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது என்பதையும் எழுதிவிடுகிறேன். 1986இல் துபாயிலிருந்து வந்த மாமா ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். தக்கலைக்கு அருகே எங்கள் ஊர் இசக்கியம்மன் கொடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய், வில்லுக்கு முன்னால் வைத்துக் காவலிருந்தேன். அறுபது நிமிட நாடா, பக்கத்துக்கு முப்பது நிமிடம். விடியவிடியப் பாடும் கதையில் எந்த முப்பது நிமிடத்தைப் பிடிப்பது என்ற கவலையில் கதையே என் காதில் விழவில்லை. ‘டக்’ என்று நாடா நின்றது. அதை எடுத்துத் திருப்பிப் போட நான் குனிந்திருந்தபோதுதான் சாமி வந்தது. குலவைச் சத்தம் கேட்டு நிமிர்வதற்குள் கோமரத்தாடி என்னைத் தாண்டிப் போய்விட்டிருந்தார்.

கால் முடியாமல் வீட்டிலேயே இருந்த அம்மச்சி மறுநாள் கேட்டாள்: “சாமி எப்பம்லே வந்துது, எந்தப் பாட்டுல?” நான் பெருமையோடு நாடாவைப் போட்டேன். சரியாக அந்த இடத்தில் அது தீர்ந்துபோயிருந்தது. “பெட்டி கெடக்கட்டு, நீ சொல்லுலே” என்றாள். சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

சென்ற வாரம் கேட்டது அந்த நாடாவைத்தான். ஜெனரேட்டரின் இரைச்சலுக்கு நடுவே வில்லின் மணியோசை எங்கோ தூரத்தில் கேட்கிறது, யாரோ ஒரு தாய் தன் பிள்ளையிடம் “வல்லதும் தின்னியாலே?” என்று கேட்பது மட்டும் பக்கத்தில் நின்று கேட்பதுபோல் தெளிவாக இருக்கிறது. அந்தக் குரலுக்காகவே நாடாவை எறியாமல் வைத்திருக்கிறேன். ஆகவே உங்கள் இருநூறு காணொளிகளை அழிக்கச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த நான்கு நிமிடத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள். அது உங்கள் நினைவில் இல்லையென்றால், மீதி முப்பத்தொன்பது பேரில் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கையில் எதையும் பிடிக்காமல் நின்றவர் ஒருவராவது அங்கே இருந்திருப்பார்.