கடைசியில சாகடிக்காத ஒரு வீடியோ

வணக்கம் ரீச்சர்,

மட்டக்களப்பு கல்லடியில விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில படிக்கிறன். நியூயோர்க்கில இரிக்கிற விசுவல் எய்ட்ஸ் எண்ட அமைப்பு ஒவ்வொரு டிசம்பரும் வெளியிடுற சின்ன வீடியோக்கள நெற்றில பாத்தன். எச்ஐவியோட வாழுற கலைஞர்களே எடுத்தது கன இரிக்கு. ஆனா ஒண்டுமே நடக்குதில்ல, கதைக்கிறாங்க, நடக்கிறாங்க, முடிஞ்சிருது. நானும் எங்கட பக்கத்தில எச்ஐவியோட வாழுற ஒரு அக்காவ வச்சு ஒண்டு எடுக்கப் போறன். அவட முகத்த பிளர் பண்ணினாக் காணுமா? கடைசியில அவ செத்துப்போற மாதிரி வச்சாத்தான் சனத்துக்கு உறைக்கும் எண்டு ப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. என்ன கேமரா நல்லம்?

(பேர் போட வேணாம் எண்டவ)

மகள்,

கேமராவ விடுங்க, கையில இரிக்கிற போன் காணும்.

அந்தச் சாவு சீன்தான் என்னால தாங்க ஏலாம இரிக்கு. டிசம்பர் 1, உலக எயிட்ஸ் தினம் வந்தா எங்கட பொடியன்மார் எடுக்கிற குறும்படம் அத்தனையிலயும் இதே கதைதான், வெளிநாடு போனவன் வருவான், இருமுவான், மெலிவான், வயலின் கேக்கும், பாடை போகும். யாருக்கு உறைக்கும் இது? ஏற்கனவே பயந்து போய் இரிக்கிறவளுக்குத்தான் உறைக்கும், அவ கிளினிக் வாசலுக்கே போகமாட்டா. 1989 டிசம்பர் 1 இல முதல்முதல் இந்த நாளக் கலைஞர்கள் அமெரிக்காவில அனுஷ்டிச்சப்ப மியூசியங்கள் ஓவியங்கள மூடித் துக்கம் காத்தது, ஏனெண்டா அப்ப உண்மையிலேயே கூட இருந்தவங்க செத்துக்கொண்டிருந்தாங்க, காப்பாத்துற அளவுக்கு மருந்து இல்ல. நாம சட்டையில குத்துற சிவப்பு றிபனும் அதே விசுவல் எய்ட்ஸோட சேந்த கலைஞர்கள் 1991 இல செஞ்சதுதான். மறுகா 1996 அளவில கூட்டு மருந்து வந்து எல்லாம் மாறிப்போச்சு. இண்டைக்கு எங்கட நாட்டிலயே அரசாங்க கிளினிக்குகளில அந்த மருந்து சும்மா குடுக்கிறாங்க, ஒழுங்காப் போட்டு ரத்தத்தில வைரஸ் கண்டுபிடிக்க ஏலாத அளவுக்குக் குறைஞ்சு அப்பிடியே நிண்டா உடலுறவால மத்த ஆளுக்குத் தொத்தாது, தாயில இருந்து பிள்ளைக்குப் போறத நிப்பாட்டின நாடு எண்டு 2019 இல உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழே குடுத்திருக்கு. இவ்வளவும் நடந்து முடிஞ்ச பிறகு நீங்க 1989 இன்ட சாவக் கொண்டுவந்து அந்த அக்காட தலையில கட்டப் போறீங்களா?

ஒண்டுமே நடக்குதில்ல எண்டு எழுதியிருக்கிறீங்க. வடிவாப் பாருங்க மகள், நடக்கிறதே அதுதான். ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு ஒரு குளிசை, அது முடியிற வாழ்க்கை இல்ல, நீளமான வாழ்க்கை. அது அமெரிக்கக்காரன்ட கதை எண்டும் ஆரும் சொல்ல வேணாம், விசுவல் எய்ட்ஸ் வெளியிட்ட 2020 தொகுப்பில மெக்சிக்கோ, சிலி, கிரேக்கம், உகண்டா, இந்தியா எண்டு அமெரிக்காவுக்கு வெளிய உள்ளவங்கட ஆறு வீடியோ இரிக்கு.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி, எழுதலாமா எண்டு கேட்டன், ஊரச் சொல்லாம எழுதுங்க எண்டவ. திரும்ப கல்ஃபுக்குப் போக மெடிக்கல் செய்யப் போய்த்தான் எச்ஐவி இரிக்கெண்டு அவவுக்குத் தெரிஞ்சது. கதை எப்பிடியோ வெளிய வந்திட்டு. சொந்தத் தம்பிட கலியாண வீட்டில எல்லாருக்கும் எவர்சில்வர் ரம்ளரில பிளேன்ரீ குடுத்திட்டு இவவுக்கு மட்டும் கழுவின யோகட் கப்பில குடுத்தாங்க. கொதிக்கிற தண்ணிக்கு அந்த மெல்லிசுக் கப் வளைஞ்சு போச்சு, சீலைத் தலைப்பால விளிம்பப் பிடிச்சுக்கொண்டு ஒரு சொட்டு விடாமக் குடிச்சு முடிச்சவ. அண்டையில இருந்து எங்க போனாலும் ஹேண்ட்பேக்குக்குள்ள தன்ர ரம்ளர் இரிக்கும். மருந்துப் போத்தல் வந்த உடன லேபிளக் கிழிச்சு அடுப்பில போட்டிருவா. ஆள் நல்லா இரிக்கா, தையல் மெசின் ரெண்டு ஓடுது, மகள் ஏஎல் படிக்குது. வைரஸ் அவவ ஒண்டும் செய்யல்ல, மச்சாள்மார்தான் செஞ்சது. படம் எடுக்கிறதெண்டா அந்தக் கப்ப எடுங்க, பாடைய எடுக்காதீங்க!

பிளர் பத்தி. முகத்த மட்டும் மறைச்சா எங்கட ஊரில என்ன பிரயோசனம்? கிணத்துக்கட்டு, கேற்றில அடிச்ச பெயின்ற், நாய், அவ "இஞ்ச வாகா" எண்டு கூப்பிடுற குரல், ஒண்டு காணும், பின்னேரத்துக்குள்ள ஆரெண்டு சனம் சொல்லிரும். கொழும்பில டொக்டர் கமலிகா அபேரத்ன முகத்தக் காட்டியே பேசினவ, 1995 இல விபத்துக்குப் பிறகு ஏத்தின ரத்தத்தால அவவுக்கு எச்ஐவி தொத்தினது. பெரிய மனுசி, பெரிய துணிவு. ஆனா அவவே ஒரு டொக்டர். மட்டக்களப்பு வாவிக்கு அங்கால படுவான்கரையில ரெண்டு தறப்பாள் கொட்டிலுக்கு நடுவில இரிக்கிற புள்ளைக்கு அந்த இடம் இல்ல, அவவிட்டப் போய்த் துணிவக் கேக்க எங்களுக்கு என்ன உரிமை இரிக்கு?

உங்கட போனை அந்த அக்காட கையில குடுங்க. எதக் காட்டலாம், எது வேணாம் எண்டு அவவுக்குத்தான் தெரியும், அவ தன்ர கையையோ தையல் மெசினையோ வெறும் சுவரையோ எடுத்தாலும் சரி, குரல் வேணாமெண்டா எழுத்துப் போடுங்க. எடிற் முடிஞ்சா ப்ரெண்ட்ஸுக்கும் விரிவுரையாளருக்கும் முதல் அவவுக்குப் போட்டுக் காட்டுங்க. வேணாம் எண்டு சொன்னா அவவுக்கு முன்னாலேயே அழிங்க, மார்க்ஸ் குறைஞ்சாக் குறையட்டும்.