முகத்தைப் பதியச் சொன்னால் மறுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறேன். மெருகு போடுகிறவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து, பழைய வருகைப் பதிவுக் கருவி அவர்களை அடையாளம் காணவில்லை என்பதால், முகத்தைப் பார்த்துப் பதியும் கருவியை வைத்துவிட்டார்கள். பதியாதவர்களுக்கு வருகை கிடையாது என்கிறார் முதலாளி. நாங்கள் அடிக்கடி பட்டறை மாறுகிறவர்கள். வேலையை விட்டு வந்த இடத்திலெல்லாம் என் முகம் இருக்க வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: முதலாளி முகத்தைக் கேட்கலாமா என்பதைவிட, வாங்கியதை அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் சட்டம் உங்களுக்குக் கூடுதலாகக் கைகொடுக்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது கட்டாயமோ நிபந்தனையோ இல்லாமல், எதற்காக என்று தெரிந்து கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான காரணங்களுக்காகச் சம்மதம் கேட்காமலே தரவைப் பயன்படுத்த முதலாளிக்கு வழிவிடுகிறது. கூலிக்கு நிற்பவர் 'முடியாது' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்தும் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதே என் வருத்தம். ஸ்வீடனில் ஒரு பள்ளி, மாணவர் வருகையை முக அடையாளத்தால் பதிவுசெய்து பார்த்தபோது, 2019-இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2 லட்சம் குரோனா அபராதம் விதித்தது. பள்ளிக்குக் கட்டுப்பட்ட மாணவர் கொடுத்த சம்மதம் சம்மதமாகாது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இந்தப் புதிய சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை உங்களுக்குத் துணை, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன் 2011-ஆம் ஆண்டு விதிகளும்தான். முகம், விரல் ரேகை போன்ற பயோமெட்ரிக் தகவலை நுண்ணுணர்வுத் தரவு, அதாவது கூடுதல் பாதுகாப்பு தர வேண்டிய தரவு, என்று அவ்விதிகள் வகைப்படுத்துகின்றன. அதைச் சேகரிக்க எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கின்றன. 'இது பெரிய கம்பெனிகளுக்குத்தான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தனி ஒருவர் நடத்தும் வணிகமும் அந்தப் பிரிவுக்குள் அடங்கும்.

ஆகவே முகப் பதிவு கருவியிலேயே இருக்கிறதா, கருவியை விற்ற நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறதா, வேலையை விட்டால் யார் அழிப்பார் என்பதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒருவர் கேட்பதைவிடப் பட்டறையிலிருக்கும் அத்தனை பேரும் ஒரே தாளில் கையெழுத்திட்டுக் கேட்பது நல்லது. பட்டறையை விடும் நாளில், பதிவை அழிக்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்கி வையுங்கள். கவனக்குறைவால் தரவு கசிந்து இழப்பு நேர்ந்தால், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் முன் 43ஏ பிரிவின்கீழ் இழப்பீடு கோரலாம். புதிய சட்டம் முழுமையாக வந்ததும் இந்தப் பிரிவு நீக்கப்படும். அதன் பிறகு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்றாலும், அந்தப் பணம் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குச் சேருமே தவிர, முகத்தைப் பறிகொடுத்தவருக்கு ஒரு ரூபாயும் வராது. இதைப் பற்றிப் போதுமான பேச்சு எழாதது வியப்பாக இருக்கிறது.

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறோம். திருமணப் படப்பிடிப்புக்கு வருகிறவர்களின் டிரோன் வாசலுக்கு நேர் மேலே நின்று படம் எடுக்கிறது. கல்லால் அடித்து வீழ்த்தினால் குற்றமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: அடிக்காதீர்கள், பிறர் உடைமைக்குச் சேதம் விளைவித்த வழக்கு உங்கள் மீதுதான் வரும். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் எடை, உயரம், வான்பகுதி ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. வான்பகுதி வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று குறிக்கப்பட்ட இடங்களில் பொதுவாகத் தரையிலிருந்து 400 அடி வரை முன்அனுமதியின்றிப் பறக்கவிடலாம். 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கும், வணிக நோக்கமின்றிப் பறக்கும் 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகைக்கும் விமானிச் சான்றிதழ் தேவையில்லை. கூலிக்குத் திருமணப் படம் எடுப்பவர் மைக்ரோ டிரோன் வைத்திருந்தால் சான்றிதழ் அவசியம். முதலில் அதைக் கேளுங்கள்.

அடுத்தவர் வாசலைப் படமெடுப்பது பற்றிய தெளிவான தடை அவ்விதிகளில் இல்லை. அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும், தனிமையில் இருக்கும் பெண்ணைப் படமெடுத்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவும் பாயும். வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருப்பவரைப் படமெடுத்தால் இரண்டும் பொருந்தாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் தீர்ப்பளித்தும் இந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. நாள், நேரம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். தங்கும் விடுதிக்காரரிடமும் சொல்லி வையுங்கள். பல நேரங்களில் அதுவே விரைவில் பலிக்கும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் உண்டா?
– கல்லூரி மாணவி, ஓமலூர்

பதில்: இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் தனிச் சட்டம் இயற்றியது. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் ஒருவரின் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி முதல் அது தடை செய்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2020-இலேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. பாராட்டத்தக்கதுதான். ஆயினும், கொள்கையை மட்டும் காட்டி ஒரு தனியார் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர முடியாது.

கேள்வி: என் மகன் ஒரு கடன் செயலியில் 5,000 ரூபாய் வாங்கினான். தவணை தவறியதும் அவன் படத்தை ஆபாசமாக மாற்றி, உறவினர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள்.
– வாசகர், ஆத்தூர்

பதில்: ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் நெறிமுறைகளின்படி, கடன் செயலி தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் தொடவே கூடாது. உங்கள் மகன் 'அனுமதி' என்பதை அழுத்தியிருந்தாலும் இது பொருந்தும். மறுத்தால் கடன் இல்லை என்ற நிலையில் பெறும் அனுமதிக்கு மதிப்பில்லை என்பதை இங்கே நெறிமுறை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பட்டறைத் தொழிலாளிக்குக் கிடைக்காத பாதுகாப்பு கடனாளிக்குக் கிடைத்திருக்கிறது. இவ்வாறு படத்தை மாற்றி மிரட்டுவது தனியாகக் குற்றம்.

இனி ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, தேசிய இணையக் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். செயலியை நீக்குவதற்கு முன் உரையாடல்கள், எண்கள், பணம் போன வங்கி அல்லது யுபிஐ விவரங்கள் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். பயத்தில் போனை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தர வேண்டும், அதற்கு அந்தப் போன் அப்படியே இருப்பது நல்லது.