ரவாங்கிலிருந்து கோத்தா கினபாலு: மகளை அனுப்பலாமா?

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பப் பட்டியலில் உங்கள் மகள் கோத்தா கினபாலுவில் இருக்கும் சபா பல்கலைக்கழகத்தின் (யுஎம்எஸ்) கடல் அறிவியலை முதல் இடத்தில் வைத்திருக்கிறாள். நீங்களும் உங்கள் கணவரும் அதை எடுத்துவிட்டுப் பாங்கியில் இருக்கும் யுகேஎம் பல்கலைக்கழகத்தை முதலில் போடச் சொல்கிறீர்கள். விண்ணப்பம் முடியச் சில நாள்களே இருக்கின்றன, வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யுஎம்எஸ் முதல் இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் அதற்கு முன் அவள் ஒரு கேள்விக்கும் நீங்கள் ஒரு கேள்விக்கும் மனம் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

முதலில் பாங்கியைப் பார்ப்போம். "அங்கேயும் கடல் அறிவியல் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம்" என்கிறீர்கள். யுகேஎம்மில் கடல் அறிவியல் பட்டம் இருப்பது உண்மை. போய்வரும் கதையைத்தான் நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். ரவாங்கில் கொமுட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூரில் வேறு தடத்துக்கு மாறி, யுகேஎம் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வளாகத்துக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் போய்விடும். ஆய்வுக்கூட வகுப்பு மாலை ஐந்துக்கு முடிந்தால் பிள்ளை வீட்டு வாசலை மிதிக்க ஏழு, ஏழரை ஆகும். மூன்று நான்கு ஆண்டு அப்படி ஓடிக்கொண்டு யாரும் ஒழுங்காகப் படிக்க முடியாது. பாங்கியில் இடம் கிடைத்தாலும் அவள் விடுதியில்தான் தங்கப்போகிறாள். வாரந்தோறும் வீடு வருவாளா, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வருவாளா என்பதே நீங்கள் எடை போட வேண்டிய வித்தியாசம். பெற்ற மனதுக்கு அது சின்ன வித்தியாசம் என்று நான் சொல்லமாட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இறுதிப் பகுதியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. பாட்டியைச் செலாயாங் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, மருந்து வாங்குவது, மருத்துவர் மலாயில் சொல்வதைப் பாட்டிக்கு எடுத்துச் சொல்வது எல்லாமே மகள்தான். கணவர் லோரி ஓட்டுகிறார், உங்களுக்குக் கேண்டீன் வேலை, தம்பி மூன்றாம் படிவம். சகோதரி, உங்களுக்கான கேள்வி இதுதான்: உங்களைப் பயமுறுத்துவது சபாவின் தூரமா, அவள் போன பிறகு இந்த வேலைகளை யார் பார்ப்பது என்பதா? இரண்டும்தான் என்றால் இரண்டையும் அவளிடம் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் தாமான் குடியிருப்புகளில் எத்தனையோ வீடுகளில் மூத்த பெண்தான் பாதி அம்மாவாக இருக்கிறாள். அந்த உழைப்பு எந்தச் சான்றிதழிலும் ஏறுவதில்லை, வீட்டிலும் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நீங்கள் "தூரம்" என்று மட்டும் சொன்னால் அவள் விமானம் இரண்டரை மணி நேரம்தான் என்று பதில் சொல்வாள். இருவருமே உண்மையான விஷயத்தைத் தொடாமல் மாதக்கணக்கில் வாதாடுவீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மருத்துவமனைக் கிளினிக் வேலை நாளில்தான் நடக்கும். மகள் பாங்கியில் படித்தாலும் செவ்வாய்க்கிழமை காலையில் அவளால் செலாயாங்கில் நிற்க முடியாது. அதனால் பாட்டிக்கான ஏற்பாட்டை எப்படியும் இந்த ஆண்டே மாற்றியாக வேண்டும். கணவருக்கு லோரி ஓட்டம் இல்லாத நாளுக்குத் தேதியை மாற்ற முடியுமா என்று கிளினிக் முகப்பில் கேளுங்கள். பத்துமலைப் பக்கம் இருக்கும் உங்கள் நாத்தனாரிடம் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் பொறுப்பை ஒப்படைக்க முடியுமா என்று பாருங்கள். பாட்டியின் நோய் விவரம், மருந்துப் பெயர், அளவு எல்லாவற்றையும் மகளையே ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஏற்பாட்டை முடித்துவிட்டுப் பேசினால் உங்கள் குரலில் இருக்கும் பதற்றமே பாதி குறைந்துவிடும் என்று நம்புகிறேன்.

மகளுக்கான கேள்வி: கடலைப் படிக்க ஆசை என்றால் ஏன் யுஎம்எஸ், ஏன் யுஎம்டி இல்லை? கோலத்திரங்கானுவில் இருக்கும் யுஎம்டி கடற்கரையை ஒட்டிய பல்கலைக்கழகம், கடல் அறிவியலுக்குப் பெயர் பெற்றது, சபாவுக்குப் போல மாணவர் அனுமதி எதுவும் தேவையில்லை. பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே உயிரியல் படித்து நீர்வாழ் உயிரியலில் சிறப்புப் பெறலாம். தெலுக் பாஹாங்கைத் தாண்டி மூக்கா ஹெட்டில் அதற்கென்றே ஒரு கடல் ஆய்வு நிலையம் வைத்திருக்கிறார்கள். சில இடிஎஸ் விரைவு ரயில்கள் ரவாங்கிலேயே நிற்பதால் பட்டர்வொர்த் போவது சிரமமில்லை. கோலத்திரங்கானுவுக்குத்தான் கோலாலம்பூரின் டிபிஎஸ் பேருந்து நிலையத்திலிருந்து ஆறேழு மணி நேரம் பேருந்தில் உட்கார வேண்டும். சிப்பாங் விமான நிலையம் வரை போகும் நேரத்தைச் சேர்த்தாலும் கோத்தா கினபாலு பயணம் அதைவிட அதிகமாகிவிடாது.

இதற்கு அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று பொறுமையாகக் கேளுங்கள். யுஎம்எஸ் 1994-இல் தொடங்கியது, வளாகம் செப்பங்கார் விரிகுடாவைப் பார்த்து இருக்கிறது. அங்குள்ள போர்னியோ கடல் ஆய்வுக் கழகத்தில் மீன் குஞ்சு பொரிப்பகம் உண்டு. பவளப்பாறைகள் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பூங்காத் தீவுகள் நகரப் படகுத் துறையிலிருந்து படகில் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. பவளப்பாறை, மீன் வளர்ப்பு, கடல் பாலூட்டி என்று ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு "அதற்காக" என்று அவள் சொன்னால், பிள்ளை தேடிப் பார்த்து முடிவெடுத்திருக்கிறாள். நீங்கள் தடுக்கக் கூடாது. "எங்கேயாவது தூரமாகப் போகணும்" என்பதுதான் பதில் என்றால் கோபப்படாதீர்கள். அதுவும் நியாயமான ஆசைதான். பதினெட்டு ஆண்டு ஒரே வரிசை வீட்டில், அதே கடைத்தெருவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அந்த ஆசைக்குப் பினாங்கே போதும். அப்போது யுஎஸ்எம்மை மேலே கொண்டுவரச் சொல்வேன்.

இனி அவளே படிக்க வேண்டிய பகுதி. தங்கச்சி, படிப்பு முடிந்ததும் சபாவிலேயே வேலை பார்த்துத் தங்கிவிடலாம் என்று நினைத்தால் இப்போதே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள். 1963-இல் மலேசியா உருவானபோது சபாவும் சரவாக்கும் குடிநுழைவு அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டன. தீபகற்பத்துக்காரர்கள் சுற்றிப் பார்க்கப் போனால் 90 நாள் தங்கலாம். படிக்க மாணவர் அனுமதி வேண்டும், வேலை செய்ய அதற்கென்று தனி வேலை அனுமதி வேண்டும். மாணவர் அனுமதி பெரிய சிக்கல் இல்லை, பல்கலைக்கழகமே வழி சொல்லும். வேலை அனுமதிக்கு முதலாளி முன்வர வேண்டும். மாநில அரசு வேலைகளில் சபா மக்களுக்கே முன்னுரிமை. ஆகவே கோத்தா கினபாலுவை நீ படிக்கப் போகும் ஊராக நினை. வேலைக்குத் தீபகற்பத்தையும் சேர்த்தே திட்டம் போடு.

இங்கே வேலை இல்லாமல் இல்லை. பினாங்கு பத்து மாவுங்கில் மீன்வளத் துறையின் ஆய்வுக் கழகம் இருக்கிறது, வேர்ல்ட்ஃபிஷ் என்ற அனைத்துலக ஆய்வு நிறுவனத்தின் தலைமையகமும் அங்கேயே இருக்கிறது. பினாங்கிலும் பேராக்கிலும் மீன், இறால் வளர்ப்புப் பண்ணைகள் உண்டு. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி கடல் தூர்ப்பு போன்ற பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தேவை. அந்த அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கு நீர் மாதிரி எடுக்கவும், கடல்வாழ் உயிரினங்களைக் கணக்கெடுக்கவும் இந்தப் படிப்பு படித்தவர்கள் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அத்தகைய நிறுவனங்கள் இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, ஒப்பந்த வேலையாகவும் இருக்கலாம். முக்குளிப்புச் சான்றிதழ், புள்ளியியல், வரைபட மென்பொருள், நல்ல ஆங்கில அறிக்கை எழுத்து ஆகியவற்றில் குறைந்தது இரண்டு கைவசம் இருந்தால் நிலைமை மாறும். இதை முதல் ஆண்டிலேயே தொடங்கு.

மறுபடி உங்களிடம் வருகிறேன், சகோதரி. சபா என்றதும் ஆள்கடத்தல் செய்திகள் நினைவுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். 2013-இல் லஹாட் டத்துவில் நடந்த ஊடுருவலை யாரும் மறக்கவில்லை. அந்த ஆண்டே கிழக்குக் கரைக்குத் தனிப் பாதுகாப்பு மண்டலம் அமைத்தார்கள். லஹாட் டத்து, செம்பூர்ணா எல்லாம் கிழக்குக் கரை. கோத்தா கினபாலு மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து செம்பூர்ணாவுக்குச் சாலை வழி போனால் ஏறக்குறைய ஒரு நாளே ஆகிவிடும். களப்பயணம் எங்கே போகிறார்கள், யார் உடன் போகிறார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதைப் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள்.

பணக் கணக்கு சுருக்கமானது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் படிப்புக் கட்டணத்தில் பெரிய வேறுபாடு இருக்காது, விமானச் செலவுதான் கூடுதல். தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் பறக்கும் மாணவர்களுக்காக ஃபிளைசிஸ்வா என்ற உதவித் திட்டத்தை அரசு 2023-இல் 300 ரிங்கிட்டுடன் தொடங்கியது. ஆண்டுக்கு ஆண்டு தொகையும் நிபந்தனையும் மாறக்கூடும் என்பதால் சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம். அது கடன், கட்டாயம் திருப்பிக் கட்ட வேண்டியது என்பதை மகள் கையெழுத்துப் போடும் முன்பே உணர வேண்டும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை முறை வீட்டுக்கு டிக்கெட், அவசரத்துக்கு ஒரு தொகை என்று மூன்று வரி எழுதி, அவளையே கூட்டச் சொல்லுங்கள்.

தீபாவளியைப் பற்றி உங்களுக்கு ஆறுதலாக எதையும் சொல்ல முடியவில்லை. சபாவிலும் அன்று பொது விடுமுறைதான், ஆனால் ஒரு நாள். வகுப்பு நடக்கும் வாரத்தில் வந்தால், டிக்கெட்டும் விலை ஏறியிருந்தால், அவள் வரமாட்டாள். தைப்பூசத்துக்கு அங்கே பொது விடுமுறையே இல்லை. கோத்தா கினபாலுவில் இந்துக் கோயில் உண்டு, தமிழ் மாணவர்களும் இருப்பார்கள், ஆனால் பத்துமலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு முதல் வருடம் வெறிச்சென்றுதான் இருக்கும். அழுதுகொண்டு போன் செய்வாள். அன்று "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. "பொட்டப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிட்டீங்களா" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். அதற்காகவாவது இந்தப் பேச்சில் அவரும் முழுமையாக உட்கார வேண்டும்.

வீட்டுக்கு அருகில் படிப்பது கோழைத்தனம் என்று மகள் நினைத்தால் அதையும் திருத்துங்கள். வார இறுதியில் வீட்டுச் சாப்பாடு, காய்ச்சலென்றால் ஓடிவரும் அப்பா, கடன் குறைவு எல்லாம் உண்மையான நன்மைகள். சில பிள்ளைகளுக்கு அந்தப் பிடிமானம் இருந்தால்தான் படிப்பு ஏறும். உங்கள் மகள் அப்படிப்பட்டவளா என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளாகப் பாட்டியின் மருந்தைத் தவறாமல் பார்த்துக்கொண்டே எஸ்டிபிஎம் தேர்வு எழுதியவள் என்று நீங்களே எழுதியதை வைத்துப் பார்த்தால், தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவள் என்றே எனக்குப் படுகிறது.

இந்த ஞாயிறு கணவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து மூவரும் உட்காருங்கள். பாட்டியின் ஏற்பாட்டை முதலில் பேசி முடியுங்கள், பட்டியலை அதற்குப் பிறகு எடுங்கள். பன்னிரண்டு தேர்வுகளையும் நிரப்புங்கள். யுஎம்எஸ், யுஎம்டி, யுஎஸ்எம், யுகேஎம் நான்கும் அதில் இருக்கட்டும், நேர்முகத் தேர்வு எந்தப் படிப்புக்கு இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மகள் தன் கைப்பட எழுதிய வரிசையையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திங்கள் மாலைக்குள் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.