நிலாவரைக்குள் இறங்கிக் குகை பார்க்கலாமா?

கேள்வி: ஒன்பது, பன்னிரண்டு வயதுடைய எங்கள் பிள்ளைகளுக்கு வார இறுதியில் ஒரு பெரிய நிலத்தடிக் குகையைக் காட்ட விரும்புகிறோம். நிலாவரைக் கிணற்றிலிருந்து கடலோரக் கீரிமலைக்குச் சுரங்கவழி உண்டென்கிறார்கள். உள்ளே போகலாமா?

பதில்: போக முடியாது, அதற்கு முயலவும் வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் குகைகளும் வெடிப்புகளும் இருப்பது உண்மையே, ஆனால் அவை நீரால் நிரம்பியவை. நடந்து பார்க்கக்கூடிய சுண்ணாம்புக்கல் குகை வேண்டுமானால் இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டே நாளில் சென்று திரும்புவது பிள்ளைகளைக் களைக்கச் செய்யும் என்பதால், இம்முறை நம் காலடியிலுள்ள குகையின் வாசல்களைக் காட்டுங்கள்.

நம் நிலம் மயோசீன் என்னும் தொல்பழங்காலத்துச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. மாரி மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அவற்றைக் காலங்காலமாக அரித்து அகலமாக்குகிறது. அப்படி உருவான வெற்றிடத்தின் கூரை இடிந்து விழுந்த இடமே நிலாவரை. வழுக்கை ஆற்றைத் தவிர நமக்குச் சொல்லத்தக்க ஆறு இல்லாததற்கும் நீர் இப்படிக் கீழே இறங்கிவிடுவதே காரணம்.

புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரையை முதலில், காலை வேளையிலேயே பாருங்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். நன்னீர் அடர்த்தி குறைந்ததாகையால் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கணக்கின்படி கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும். மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் உவர் எவ்வளவு விரைவாக மேலேறும் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே கணக்கிட்டுப் பார்க்கட்டும். கரையோரத்திலேயே ஆழம் தொடங்குவதால் சிறுவரின் கையை விடாதீர்கள். குளிக்க இறங்கவே கூடாது.

குளிப்பதற்குக் கீரிமலை இருக்கிறது. கடலுக்குச் சில அடி தூரத்தில் நன்னீர் ஊறும் அந்தக் கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடமுண்டு. கேணி நீரையும் கடல்நீரையும் ஒரு துளி நாவில் வைத்துப் பார்த்தால், நிலத்தடி நீர் கடலைச் சேரும் இடம் பிள்ளைகளுக்கு விளங்கும். பிதிர்க்கடன் செய்வோர் பெருந்திரளாகக் கூடும் ஆடி அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள்.

நிலாவரையில் இட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்ததாக நம் பெரியோர் சொல்வார்கள். அதை ஆள் நடக்கும் சுரங்கத்துக்குச் சான்றாகக் கொள்ளாமல், கல்லுக்குள் நீர் தொலைதூரம் செல்லும் என்ற அறிவாகக் கொள்ளுங்கள். இந்த நீரோட்டத்தில் மண் வடிகட்டுவது மிகக் குறைவு. உரமும் மலக்குழிக் கழிவும் கலந்து நம் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்னும் இரசாயனம் மிகுந்திருப்பதும் இதனால்தான். ஆகவே பிஸ்கற் பைகளையும் போத்தல்களையும் வாகனத்திலேயே விட்டு இறங்குங்கள். குடிப்பதற்குப் பாதுகாப்பான நீரை வீட்டிலிருந்து கொண்டு செல்லுங்கள்.