கட்டையில் நிற்காத கிளி: சங்கிலியும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம்

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டில் ஒரு சன் கன்யூர் கிளி வளர்க்கிறேன். வயது எட்டு மாதம். கையில் வளர்ந்தது, கடிக்காது, கூப்பிட்டால் வரும். பகல் முழுக்கக் கூண்டில் அடைத்து வைக்க மனசு வரவில்லை. அதனால் கூடத்தில் ஒரு ஸ்டாண்டு வைத்தேன். மேலே வழுவழுப்பான உருட்டுக் கட்டை, இடுப்பு உயரம் இருக்கும். அதில் உட்கார வைத்தால் அரை நிமிடம்கூட நிற்பதில்லை. என் தோளுக்குப் பறந்து வருகிறது, இல்லையென்றால் திரைச்சீலைக் கம்பிக்குப் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு இருபது தடவை திரும்பக் கொண்டுபோய் வைக்கிறேன், பலன் இல்லை. காலில் சங்கிலி போடு என்கிறார் ஒருவர், சிறகை வெட்டு என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: வணக்கம். கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் செய்யாதீர்கள்.

கிளிக்குப் பயம் வந்தால் யோசிக்காது, எகிறிப் பறக்கும். ஒரு பாத்திரம் கீழே விழுந்தாலே போதும். அந்த வேகமும் உடம்பின் முழு எடையும் சங்கிலி கட்டிய ஒற்றைக் காலில் வந்து இறங்கும். எலும்பு முறியலாம், மூட்டு நழுவலாம், யாரும் பார்க்காத நேரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே கிடக்கலாம். என்னிடம் ஒருமுறை கொண்டுவந்த கிளியின் காலில் வளையம் இருந்த இடமே தெரியவில்லை. சதைக்குள் இறங்கி, மேலே தோல் மூடியிருந்தது. அதை வளர்த்தவர் கிளியிடம் உயிராக இருந்தவர்தான். தினமும் பார்த்ததால் அவருக்கு மாற்றம் கண்ணில் படவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கிளி எந்த உலோகத்தையும் கடித்துப் பார்க்கும். துத்தநாகப் பூச்சு உள்ள சங்கிலியாக இருந்தால், அந்தத் துத்தநாகமே விஷமாகிவிடும்.

சிறகு வெட்டினால் கிளி நிற்கக் கற்றுக்கொள்ளாது, போக முடியாமல் நிற்கும், அவ்வளவுதான். வெட்டியது தெரியாமல் பழையபடி தாவி, நெஞ்சு தரையில் மோத விழும். நெஞ்செலும்பின் மேல் தோல் பிளந்து வந்த கிளிகளைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் ஓடும் இளஞ்சிறகைத் தவறி வெட்டிவிட்டால் ரத்தம் நிற்கவே சிரமம். அடுத்த தடவை இறகு உதிர்ந்து முளைத்ததும் பிரச்சினை அப்படியே திரும்ப வரும். எட்டு மாதம் என்பது பறப்பதால் உடம்பு வலுவாகிற வயது. அதைக் கெடுக்க வேண்டாம்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த "இருபது தடவை". கிளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். கட்டையில் இருக்கும்போது அதற்கு என்ன கிடைக்கிறது? ஒன்றும் இல்லை. உங்கள் தோளுக்குப் பறந்தால் என்ன கிடைக்கிறது? நீங்கள் திரும்பிப் பார்க்கிறீர்கள், பேசுகிறீர்கள், விரலில் ஏற்றிக் கூடத்தின் குறுக்கே ஒரு சவாரி கொடுக்கிறீர்கள். திட்டினாலும் அதற்கு அது பேச்சுதான். கூட்டமாக வாழ்கிற பறவைக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறு இல்லை. கட்டையை விட்டுப் பறந்தால் நல்லது நடக்கும் என்று தினம் இருபது தடவை நீங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். கிளி நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. இதைத் தலைகீழாக மாற்றினால் போதும். நல்லதெல்லாம் கட்டையில் நடக்க வேண்டும்.

கோழியைப் பாருங்கள். பொழுது சாய்ந்தால் யாரும் சொல்லாமலே உயரமான கட்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கே பயமில்லை, பக்கத்தில் மற்ற கோழிகள் இருக்கின்றன. கிளியும் இவற்றைத்தான் எதிர்பார்க்கிறது, கூடவே செய்வதற்கு ஏதாவது ஒரு வேலையும்.

பயிற்சிக்கு முன்னால் கட்டையைக் கவனியுங்கள், ஏனென்றால் பாதித் தவறு அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கிளிக்குக் காலில் இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். கிளையைக் கவ்விப் பிடிக்க அமைந்த கால் அது. உருட்டுக் கட்டையில் கால் வழுக்கும், வழுக்குகிற இடத்தில் எந்தப் பறவையும் நிம்மதியாக நிற்காது. போதாததற்கு ஒரே பருமன் என்பதால் பாதத்தின் அதே புள்ளியில் நாள் முழுக்க அழுத்தம் விழும். கிளியைக் கையில் பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள். நல்ல பாதத்தில் தோல் சின்னச் சின்ன மணிமணியாக, சொரசொரப்பாக இருக்கும். அந்த மணிகள் தேய்ந்து, மழமழவென்று சிவந்து பளபளத்தால் பாதப்புண்ணின் தொடக்கம் என்று அர்த்தம். அந்தக் கால் வலிக்கும், வலிக்கிற காலோடு கட்டையில் நில் என்றால் எப்படி நிற்கும்?

அதனால் உருட்டுக் கட்டையை எடுத்துவிட்டு, பட்டையோடு கூடிய இயற்கையான கிளை ஒன்றைப் பொருத்துங்கள். மருந்து அடிக்காத கொய்யாக் கிளை மிக நல்லது. அரளி போன்ற விஷச் செடியின் கிளை கூடவே கூடாது. பிடித்தால் விரல்கள் சுற்றளவில் முக்கால் பங்கு வளைய வேண்டும், முன்விரலும் பின்விரலும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. கன்யூருக்கு ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் பருமன் சரியாக இருக்கும். ஒரு பக்கம் மெல்லியதாகவும் மறுபக்கம் தடித்தும் இருந்தால் இன்னும் நல்லது. நகம் தேயும் என்று மணல்தாள் உறை மாட்டுவார்கள். நகம் தேயாது, பாதத் தோல்தான் உரியும்.

இடுப்பு உயரம் கிளிக்குப் பள்ளம். அது திரைச்சீலைக் கம்பிக்குப் போவதில் குறும்பு ஒன்றும் இல்லை, உயரமான இடத்தில் பத்திரமாக உணர்கிறது. ஸ்டாண்டை உங்கள் மார்புக்கும் கண்ணுக்கும் நடுவே வருமாறு உயர்த்துங்கள். உயரத்தில் வைத்தால் கிளி நம்மை அதிகாரம் செய்யும் என்று சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். கூடத்தின் நடுவில் வைக்காமல், பின்னால் சுவர் இருக்கும் மூலையில் வையுங்கள். தொட்டால் ஆடக் கூடாது. கிளி வெளியே இருக்கும் நேரம் மின்விசிறி ஓடக் கூடாது, கதவு சன்னல் சாத்தியிருக்க வேண்டும். சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். ஒட்டாத பூச்சுப் பாத்திரம் (நான்-ஸ்டிக்) அதிகம் காய்ந்தால் வரும் புகை சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும்.

இப்போது பயிற்சி. ஐந்தாறு வகைத் தீனியை ஒரு தட்டில் வைத்து, எதை முதலில் எடுக்கிறது என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். சூரியகாந்தி விதையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை அன்றாடக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இனி அது கட்டையில் மட்டும்தான் கிடைக்கும். கொழுப்பு அதிகம் என்பதால் ஒரு பருப்பை நாலாக உடைத்துக்கொள்ளுங்கள். நேரம், காலைத் தீனிக்குக் கொஞ்சம் முன்னால். பட்டினி போடக் கூடாது. கிராம் காட்டும் தராசில் தினமும் காலையில் எடை பாருங்கள். சன் கன்யூர் பொதுவாக 100 முதல் 120 கிராம் இருக்கும். உங்கள் கிளியின் வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கிளியைக் கட்டையில் வைத்து, ஓரடி தள்ளி நில்லுங்கள். நின்றவுடனே ஒரு துண்டு கொடுங்கள். மென்று முடித்ததும் மறுபடி ஒரு துண்டு. இங்கே இரண்டு நுணுக்கம் இருக்கிறது, மற்றதையெல்லாம் மறந்தாலும் இவற்றை மறக்காதீர்கள்.

ஒன்று, நேரம். பறக்கப் போகிற கிளி சொல்லாமல் பறக்காது. இறகெல்லாம் உடம்போடு ஒட்டி மெலிந்ததுபோல் ஆகும். உடம்பு தாழும், கழுத்து உங்கள் பக்கம் நீளும், தோள் பக்கம் இறக்கை உடம்பிலிருந்து லேசாக விலகும். பல சமயம் ஒரு எச்சம் போட்டுவிட்டுக் கிளம்பும். நீங்கள் இதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். கழுத்து நீண்ட பிறகு கொடுத்தால், கழுத்தை நீட்டியதற்குத்தான் பரிசு என்று புரிந்துகொள்ளும். ஐந்து நொடிதான் நிற்கிறது என்றால் மூன்றாம் நொடியில் கொடுங்கள்.

இரண்டு, கொடுக்கும் இடம். கையை முன்னால் நீட்டிக் கொடுத்தால் கிளி உங்களை நோக்கிச் சாயும், அடுத்து தாவும். அதன் மார்புக்கு நேராக, கட்டையோடு ஒட்டிக் கொடுங்கள். ஸ்டாண்டில் ஒரு சின்னக் கிண்ணம் மாட்டி அதில் போட்டால் இன்னும் நல்லது. அப்போது பரிசு உங்களிடமிருந்து வருகிறது என்பதைவிட கட்டையிலிருந்து வருகிறது என்று பழகும்.

ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து. ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை போதும். கிளிக்கு அலுப்பதற்கு முன்னால் நீங்கள் முடிக்க வேண்டும். முடிக்கும்போது "சரி, வா" என்று ஏதாவது ஒரே சொல்லைச் சொல்லி விரலை நீட்டுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் பறவை காத்திருக்கும். நாளாக ஆக, அந்தச் சொல் வரும்வரை நிற்பதுதான் வேலை என்று அதற்குப் புரியும்.

நேரத்தைக் கூட்டும்போது படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஐந்து நொடி, எட்டு, மூன்று, பன்னிரண்டு, ஆறு என்று மாற்றி மாற்றி வையுங்கள். எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்கு விலங்குகள் சலிக்காமல் வேலை செய்யும் என்பது, அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து ஆராய்ந்த காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். ஒரு நிமிடம் நிம்மதியாக நின்ற பிறகு தூரத்துக்கு வாருங்கள். அரை அடி பின்னால் நகர்ந்து உடனே திரும்ப வந்து கொடுங்கள். அப்புறம் ஓரடி, முதுகைக் காட்டித் திரும்புவது, நாற்காலியில் உட்காருவது. தூரம் கூடும் நாளில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கூட்டினால் கிளி தோற்கும்.

நடுவில் தோளுக்குப் பறந்து வரத்தான் செய்யும். அப்போது மரம் மாதிரி நில்லுங்கள். பேச்சு இல்லை, பார்வை இல்லை, கோபம் இல்லை. மெதுவாக விரலில் ஏற்றிக் கட்டையில் விடுங்கள். விட்டவுடன் தீனி கொடுத்துவிடாதீர்கள், பறந்து வந்தால் தீனி என்று அதையும் கணக்குப் போட்டுவிடும். சில நொடி அமைதியாக நின்ற பிறகு கொடுங்கள். தொடர்ந்து மூன்று தடவை பறந்தால், நீங்கள் கேட்டது அதனால் முடியாத அளவு என்று அர்த்தம். நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்தால் துண்டையோ துடைப்பத்தையோ காட்டி விரட்ட வேண்டாம். கையைக் கண்டாலே மிரளும் கிளியாகிவிடும். சொல்லி அழையுங்கள், வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் காத்திருங்கள்.

முதல் சில நாள் பழையதைவிட அதிகமாகப் பறக்கும், கத்தும். இதுவரை பலித்த வழி திடீரென்று பலிக்கவில்லை என்றால் எந்த உயிரும் இன்னும் வேகமாக முயன்று பார்க்கும். அந்த நாளில்தான் மனசு இளகும். அப்போது விட்டுக் கொடுத்தால், ரொம்பக் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஒருவர் மரம் மாதிரி நிற்க, இன்னொருவர் தோளில் வைத்துக் கொஞ்சினால் கிளி பாவம், குழம்பிப்போகும். தோளில் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் அழைத்து வந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொஞ்சுங்கள்.

நீங்கள் வேறு அறைக்குப் போனதும் உரக்கக் குரல் கொடுக்கிறதா? அது பிடிவாதம் இல்லை. காட்டில் கூட்டத்தை விட்டுப் பிரிந்த கிளி "எங்கே இருக்கிறாய்" என்று கேட்கிற குரல் அது. ஒரு சீழ்க்கையோ ஒரு சொல்லோ திருப்பிக் கொடுங்கள். பதில் வந்தால் தேடிப் பறந்து வர வேண்டிய அவசியம் அதற்குக் குறையும்.

அலகுக்கு வேலையும் கொடுங்கள். கடித்துக் கிழிக்க மென்மையான மரத்துண்டு, சுருட்டிய வெற்றுத்தாள், உள்ளே தீனி மறைத்த காகிதப் பொட்டலம், இவற்றைக் கட்டை பக்கத்தில் தொங்கவிடுங்கள். தினமும் மாற்றுங்கள். வெறும் கட்டையில் சும்மா உட்கார் என்று சொன்னால் நமக்கே முடியாது.

எவ்வளவு நேரம் எதிர்பார்க்கலாம்? இந்த வயதில், நீங்கள் அறையில் இருக்கும்போது, கால் மணி முதல் அரை மணி நேரம் நின்றாலே அருமையான கிளி. நாள் முழுக்க ஸ்டாண்டில் விட நினைக்காதீர்கள். அறையில் ஆள் இல்லையென்றால் கிளி கூண்டுக்குள் இருப்பதுதான் பத்திரம். இரவு பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் தூங்கட்டும், தூக்கம் கெட்ட கிளி எதையும் கற்காது. இரண்டு வயதை ஒட்டிப் பருவம் வரும்போது கற்றதையெல்லாம் மறந்ததுபோல் நடக்கும். அப்போது திரும்ப ஐந்து நொடியிலிருந்து தொடங்குங்கள், சீக்கிரம் வந்துவிடும்.

வெறும் விதை மட்டும் தின்னும் கிளியாக இருந்தால் பெல்லட் தீனி (சத்துகள் கலந்து குருணையாகச் செய்தது), கேரட், பூசணி, கீரை என்று பழக்குங்கள். வைட்டமின் ஏ குறைந்தால் பாதத் தோல் கெடும். ஒற்றைக் காலை மடக்கி வைத்துக் கண் சொருக நின்றால் கவலை வேண்டாம், அது ஓய்வு. கட்டையை மாற்றிப் பத்து நாள் ஆன பிறகும் காலை மாற்றி மாற்றித் தூக்கினாலோ, எந்த நாளானாலும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு வாலை மேலும் கீழும் ஆட்டி மூச்சு வாங்கினாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே பறவை பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.