பேண்ட்டை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

தம்பி, இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு வருகிறேன், எத்தனை பேண்ட் சட்டை எடுத்து வரலாம், வாடகை, பேங்க் அக்கவுண்ட் எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை ஊருக்கு ஊர் மாறும், பேங்க் வேலையை வந்து பார்த்துக்கொள்ளலாம். துணியும் உங்கள் இஷ்டம். ஆனால் ‘பேண்ட்’ என்று சொல்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள்.

இங்கே பேண்ட்ஸ் என்றால் ஜட்டி. நாம் பேண்ட் என்பது இவர்களுக்கு ட்ரவுசர்ஸ், நம்மூரிலோ டவுசர் என்றால் அரைக்கால்! பழைய இத்தாலிய நாடகங்களில் பாண்டலோனே என்று ஒரு வெனிஸ் வியாபாரிக் கிழவர் வருவார், அவர் உடுப்பை வைத்துத்தான் பேண்டலூன்ஸ் வந்தது, அது சுருங்கி பேண்ட்ஸ் ஆனது. அமெரிக்காவில் அது வெளியிலேயே நின்றுவிட்டது, இங்கே உள்ளாடையாகிவிட்டது. மான்செஸ்டர் பக்கத்தில் ட்ரவுசரையே பேண்ட்ஸ் என்பவர்களும் உண்டு, அங்கே போனால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் நாம் எழுதும் தினக் குறிப்பில் ‘பேண்ட்ஸ் ஈரம்’ என்று எழுதினால் ஒருவருக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லை என்று படிப்பார்கள், அவர் டீயைக் கொட்டியிருந்தாலும். வெஸ்ட் என்றால் பனியன். ஜம்பர் என்பது தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர், முன்பக்கம் பட்டன் வைத்தது கார்டிகன், 1854இல் கிரிமியப் போரில் குதிரைப்படையோடு பாய்ந்த கார்டிகன் பிரபுவின் பெயர் அது. தோள் வலிக்கிறவருக்கு ஜம்பரை மாட்டப் பார்த்தால் வேதனைதான், கார்டிகனை எடுங்கள்.

நான் சேர்ந்த இடத்தில் தீயணைப்பு, கை கழுவுவது, ஆளைத் தூக்குவது எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள், இதை ஒருவரும் சொல்லவில்லை. வருஷக்கணக்காக இருந்த நம்மவர்கள்கூட, புதிதாக வந்த பெண் ஒருத்தி திணறியபோது வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. முன்னால் வந்தவன் சொல்லித்தராவிட்டால் அப்புறம் யார் சொல்லுவார்கள்?

எனக்குச் சொல்லித்தந்தவர் தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி. அலமாரியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். சின்ன வயதில் குளிருக்கு லிபர்ட்டி பாடிஸ் என்ற உள்சட்டையை ரப்பர் பட்டன் வைத்துப் போட்டுவிடுவார்களாம். அதைப் பற்றி ஆரம்பித்தால் அவருக்குச் சாப்பாடு ஆறிப்போவதுகூடத் தெரியாது.