நீலகிரி–தஞ்சாவூர் வரைபட ஒப்பீடு: மண் அளவில் 52 வருவது ஏன்?

வணக்கம். நீலகிரியையும் தஞ்சாவூரையும் ஒப்பிடும்போது நீலகிரி மண்ணின் பி.எச். (புளிப்பு–கார அளவு) 52 என்று வருகிறது, ஊட்டியில் நிற்கவே இடமில்லாதபோது மக்கள் அடர்த்தி குறைவாகக் காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் சிக்கல் சின்னதுதான். உலக மண் தரவுத் தொகுப்பான சாயில்கிரிட்ஸ் கோப்பில் பி.எச். பத்தால் பெருக்கிய முழு எண்ணாக இருக்கும். 52 என்றால் 5.2. தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண், சரியாகத்தான் இருக்கிறது. (நானும் முதலில் முழித்தேன்.) ஆனால் அது 250 மீட்டர் கட்டங்களில் கணித்த மதிப்பு, உங்கள் வயலில் அள்ளிய மண்ணின் அளவு அல்ல.

அடர்த்திதான் ஏமாற்றும். 2011 கணக்கெடுப்புப்படி நீலகிரியில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 290 பேர், தஞ்சாவூரில் 700 பேர். நீலகிரியில் பாதிக்கு மேல் காடு. முதுமலையில் யானை நடக்கும் இடத்தையும் சேர்த்து வகுத்தால் சராசரி இறங்காமல் என்ன செய்யும்? மாவட்ட வரைபடத்தை விட்டுவிட்டு மக்கள் பரவலை மதிப்பிட்டுத் தரும் வேர்ல்ட்பாப்பின் 100 மீட்டர் கட்டத் தரவை எடுங்கள். அதை இஸ்ரோவின் வரைபடத் தளமான புவனின் நிலப்பயன்பாட்டு அடுக்கோடு வைத்துப் பார்த்தால், குன்னூரும் ஊட்டியும் தனித் திட்டுகளாகத் தெரியும். டெல்டாவிலோ ஊர்கள் வயலெங்கும் சிதறிக் கிடக்கும்.

அப்புறம், இரண்டு படத்துக்கும் ஒரே நிற அளவுகோலை வையுங்கள். தானாக விட்டால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு அளவு எடுத்துக்கொள்ளும்.